பெரியவர்களின் மறதியை ஆன்லைனில் சோதித்துப் பார்ப்பது எப்படி? முதல்முறை பார்ப்பவர்களுக்கு

அம்மாவோ அப்பாவோ அரை மணி நேரத்துக்குள் ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்கிறார்கள், பல வருடமாகப் பழகிய கணக்குவழக்கில் தடுமாறுகிறார்கள், ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு நீங்கள் போனை எடுத்து ‘மறதி நோய் டெஸ்ட்’ என்று தேடுகிறீர்கள். ஐந்து நிமிட வினாடி வினா, மூளையின் வயதைச் சொல்லும் ஆப், ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தின் படிவம், கடைசியில் மாத்திரை விற்கும் தளம் என்று வரிசையாக வந்து நிற்கும். இவற்றில் எதைத் தொடலாம், எதை விட்டுவிடலாம், வந்த மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்வது என்பதைத்தான் படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எந்த ஆன்லைன் சோதனையும் டிமென்ஷியா, அதாவது மறதி நோய், இருக்கிறது என்றோ இல்லை என்றோ முடிவு சொல்லாது. காய்ச்சல் இருக்கிறது என்று தெர்மாமீட்டர் காட்டும், அது எதனால் வந்த காய்ச்சல் என்று காட்டாது, இதுவும் அப்படித்தான். இவர் முன்பு எப்படி இருந்தார், இப்போது எதில் மாறியிருக்கிறார் என்று கூடவே இருப்பவர் எழுதித் தரும் அரைப் பக்கம், அந்த மதிப்பெண்ணைவிட டாக்டருக்கு அதிகம் உதவும். கீழே சொல்லும் எல்லாப் படிகளும் அந்த அரைப் பக்கத்தை உருப்படியாக எழுதுவதற்காகத்தான்.

படி 1: சோதனைக்கு நேரம் இருக்கிறதா என்று பாருங்கள்

சில நிலைமைகளில் ஆன்லைன் சோதனை பக்கமே போகக் கூடாது, நேராக ஆஸ்பத்திரிதான். நேற்றுவரை நன்றாக இருந்தவர் இன்று திடீரென்று குழம்புகிறார், இருக்கும் இடம் தெரியவில்லை, பகலில் தூங்கி வழிகிறார், ஒரு மணி நேரம் தெளிவாகவும் அடுத்த மணி நேரம் குழப்பமாகவும் இருக்கிறார் என்றால் அது பெரும்பாலும் டெலிரியம் என்கிற திடீர்க் குழப்பநிலை. சிறுநீர்த் தொற்று, நிமோனியா, உடலில் உப்பின் அளவு குறைவது, புதிதாக ஆரம்பித்த மாத்திரை, ஏன், சில நாள் மலச்சிக்கல்கூட வயதானவர்களுக்கு இதைக் கொண்டுவரும். காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும், தாமதித்தால் ஆபத்து.

முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தளர்வது, பேச்சு குழறுவது எல்லாம் பக்கவாதத்தின் அறிகுறிகள், அதில் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. இன்னொன்றைப் பலரும் கவனிப்பதில்லை: விழுந்து தலையில் அடிபட்டு, அப்போது ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டு, சில வாரம் கழித்து மந்தமாகிக்கொண்டே போவது. மண்டை ஓட்டுக்குள் மெதுவாக ரத்தம் கசிந்து தேங்கியிருக்கலாம், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும்.

இவை எதுவும் இல்லை, மாதக்கணக்கிலோ வருடக்கணக்கிலோ மெதுவாக வந்த மாற்றம்தான் என்றால் அடுத்த படிக்குப் போகலாம்.

படி 2: எதைப் பார்த்துக் கவலைப்படுகிறீர்கள் என்று எழுதுங்கள்

வயதானால் பெயர் சட்டென்று வராது, கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவோம், ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்வது கஷ்டமாகும். கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பெயர் நினைவுக்கு வந்துவிட்டால், தேடியதைத் தானே கண்டுபிடித்துவிட்டால், பெரிதாகப் பயப்பட வேண்டியதில்லை. காலையில் அரை மணி நேரம் பேசிய விஷயம், யார் ஞாபகப்படுத்தினாலும், அப்படி ஒன்று நடந்ததாகவே தெரியாமல் அழிந்துபோவது வேறு. தினமும் போய்வரும் வழியில் திகைத்து நிற்பது, பல வருடம் கைப்பழக்கமாகச் செய்த வேலையில் நடுவே அடுத்தது என்ன என்று தெரியாமல் நிற்பது, கண்ணாடியைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிட்டு யாரோ திருடிவிட்டார்கள் என்று சாதிப்பது, இவை கவனிக்க வேண்டியவை.

மறதியை மட்டும் பார்க்காதீர்கள், இதை அழுத்திச் சொல்கிறேன். அதிர்ந்து பேசாத மனிதர் எல்லோர் முன்னாலும் கூச்சமில்லாமல் நடந்துகொள்வது, பிடித்த வேலை எதிலும் ஆர்வம் இல்லாமல் மணிக்கணக்கில் சும்மா உட்கார்ந்திருப்பது, முன்பின் தெரியாதவர் போனில் கேட்டதும் பணம் அனுப்பிவிடுவது, பேசும்போது சாதாரண வார்த்தைகூடக் கிடைக்காமல் ‘அது, அந்த இது’ என்று சுற்றுவது, இவையும் டிமென்ஷியாவின் தொடக்கமாக இருக்கலாம். நெற்றிப்பகுதி மூளையைப் பாதிக்கும் வகையில் முதலில் மாறுவது குணம், ஞாபகம் கொஞ்ச காலம் நன்றாகவே இருக்கும். லூயி பாடி என்கிற வகையில் இல்லாத ஆட்களோ விலங்குகளோ கண்ணுக்குத் தெரிவது, தூக்கத்தில் கனவுக்கு ஏற்றபடி கைகால் வீசுவது, நடை தளர்வது போன்றவை முன்னால் வந்து நிற்கும். மறதி மட்டும் கேட்கும் சோதனையில் இவர்கள் நல்ல மதிப்பெண் வாங்கிவிடுவார்கள்.

எழுதும்போது ‘ஞாபகமறதி அதிகம்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதாமல், என்ன நடந்தது, எப்போது நடந்தது, முன்பு அதை எப்படிச் செய்வார் என்று எழுதுங்கள். ‘போன மாதம் ஒரே பில்லை இரண்டு தடவை கட்டினார், பத்து வருடமாக வீட்டுக் கணக்கை அவர்தான் பார்க்கிறார்’ என்ற ஒரு வரி போதும், டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்பார்.

படி 3: சோதனையைத் தேர்ந்தெடுப்பது

கூட இருப்பவர் பதில் சொல்லும் கேள்வித்தாள், பெரியவர் தானே எழுதும் சோதனை, பயிற்சி பெற்றவர் நடத்தும் சோதனை என்று மூன்று வகை இருக்கின்றன. ஆன்லைனில் தேடும்போது மூன்றும் கலந்துகட்டி வருவதால்தான் குழப்பம்.

முதல் வகையிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வேன், ஏனென்றால் பெரியவரை எந்தச் சங்கடத்துக்கும் ஆளாக்காமல் நீங்களே செய்துவிடலாம். ஏடி8 என்று ஒன்று, அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவாக்கியது, 2005-ல் வெளிவந்தது. எட்டே கேள்விகள்: முடிவெடுப்பதில் சிக்கல் உண்டா, பொழுதுபோக்கில் ஆர்வம் குறைந்ததா, சொன்னதையே சொல்கிறாரா, புதிய கருவியைக் கற்றுக்கொள்ளத் திணறுகிறாரா, மாதமோ வருடமோ மறக்கிறதா, பண விவகாரத்தில் தடுமாற்றமா, டாக்டரைப் பார்க்க வேண்டிய நாள் போன்றவை மறந்துபோகிறதா, யோசிப்பதிலும் ஞாபகத்திலும் தினசரி சிரமமா. இரண்டு அல்லது அதற்கு மேல் ‘ஆமாம், மாறியிருக்கிறது’ என்று வந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். இதில் புதியவர்கள் இடறுவது ஒரே இடத்தில்தான். கேள்வி மாற்றத்தைப் பற்றியது. என்றைக்குமே கணக்கில் வீக்காக இருந்தவர் இன்றும் அப்படியே இருந்தால் அது ‘ஆமாம்’ ஆகாது. மூட்டுவலியால் தோட்ட வேலையை நிறுத்தியவருக்கும் அது ‘ஆமாம்’ இல்லை, ஏனென்றால் காரணம் உடம்பு, மூளை இல்லை. கேட்பது சில வருடங்களில், யோசனையிலும் ஞாபகத்திலும் வந்த கோளாறால் ஏற்பட்ட மாற்றத்தை மட்டும்.

இதே ரகத்தில் ஐ.க்யூ.கோட் என்று இன்னொன்று, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. சுருக்கமான வடிவத்தில் 16 கேள்விகள். 10 வருடத்துக்கு முன்பு இருந்ததோடு ஒப்பிட்டு 1 முதல் 5 வரை குறிக்க வேண்டும், மாற்றமே இல்லையென்றால் 3. பல வருடமாக அவரோடு நெருங்கிப் பழகியவர்தான் இதைப் போட முடியும், போன வருடம் வேலைக்கு வந்த பராமரிப்பாளரிடம் கொடுத்துப் பயனில்லை. முடிந்தால் வீட்டில் இரண்டு பேர் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். அக்காவுக்கும் தம்பிக்கும் விடைகள் முற்றிலும் வேறாக வரும் வீடுகள் உண்டு, தினமும் கூட இருப்பவர் பார்ப்பதை எப்போதாவது வந்துபோகிறவர் பார்ப்பதில்லை. இரண்டையும் டாக்டரிடம் கொடுங்கள்.

பெரியவர் தானே எழுதுவதில் எனக்கு நம்பிக்கையானது சேஜ். ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகம் உருவாக்கியது, படிவத்தை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், காகிதத்தில் பேனாவால் எழுதுவது, சுமார் 10 முதல் 15 நிமிடம் ஆகும், ஆனால் நேரக் கட்டுப்பாடு இல்லை. மொத்தம் 22 மதிப்பெண். பொதுவாக 17-ம் அதற்கு மேலும் இயல்பு, 15-ம் 16-ம் லேசான குறைபாடு இருக்கலாம் என்பதற்கான குறி, 14-க்குக் கீழே வந்தாலோ 14-ஏ வந்தாலோ இன்னும் தீவிரமாகப் பார்க்க வேண்டும். 80 வயதோ அதற்கு மேலோ ஆனவருக்கு ஒரு மதிப்பெண்ணும், 12 வருடமோ அதற்குக் குறைவாகவோ படித்தவருக்கு ஒரு மதிப்பெண்ணும் கூட்டுவார்கள். திருத்துவதை டாக்டரிடம் விட்டுவிடுவதே நல்லது, வீட்டில் திருத்தினால் பாசத்தில் அரை மதிப்பெண் கூட்டியோ பயத்தில் குறைத்தோ போட்டுவிடுவோம். இதில் ஒன்றுக்கொன்று ஈடான நான்கு படிவங்கள் உண்டு. ஆசையில் நான்கையும் திறந்து பார்த்துவிடாதீர்கள், ஒன்றை மட்டும் எடுத்து மீதியை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வகையில்தான் நீங்கள் அடிக்கடி கேள்விப்படும் பெயர்கள் இருக்கின்றன. எம்.எம்.எஸ்.இ. 1975-ல் வந்தது, மோகா 2005-ல் வெளியானது, இரண்டுக்கும் 30 மதிப்பெண். மோகாவில் 26-ம் அதற்கு மேலும் இயல்பு என்று ஆரம்பத்தில் வகுத்தார்கள். ருடாஸ் என்று ஒன்று ஆஸ்திரேலியாவில் பல மொழி பேசும் மக்களுக்காகவே உருவாக்கி 2004-ல் வெளியிட்டது, படிப்பும் மொழியும் மதிப்பெண்ணை இழுப்பது அதில் குறைவு. மூன்று வார்த்தையும் ஒரு கடிகாரப் படமும் மட்டும் கொண்ட மினி-காக்கும் உண்டு. இவற்றின் படிவங்கள் இணையத்தில் எங்காவது கிடைக்கும். கிடைக்கிறதே என்று வீட்டில் நடத்தாதீர்கள். வார்த்தைகளை எந்த வேகத்தில் படிப்பது, எப்போது குறிப்பு கொடுக்கலாம், எதற்கு மதிப்பெண் இல்லை என்றெல்லாம் விதி இருக்கிறது, மோகாவை நடத்த அதற்கென்று பயிற்சிச் சான்றிதழே வேண்டும். அதைவிட முக்கியம், வீட்டில் ஒரு தடவை பழகிவிட்டால் கேள்விகள் மனதில் தங்கிவிடும், டாக்டர் அதே சோதனையை வைக்கும்போது மதிப்பெண் பொய்யாக ஏறிவிடும், உண்மையில் இருக்கும் பிரச்சினை மறைந்துபோகும்.

படி 4: தளம் நம்பத் தகுந்ததா?

2013-ல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆன்லைனில் இலவசமாகக் கிடைத்த 16 அல்சைமர் (டிமென்ஷியாவில் அதிகம் காணப்படும் வகை) சோதனைகளை நிபுணர் குழுவை வைத்து மதிப்பிட்டார்கள். 12 சோதனைகள் அறிவியல் நம்பகத்தன்மையில் மோசம் அல்லது மிக மோசம். நெறிமுறையில் பதினாறுமே தேறவில்லை: தகவலை என்ன செய்வார்கள் என்பது தெளிவாக இல்லை, வணிக நோக்கம் மறைந்திருந்தது, முடிவைச் சொன்ன விதமும் சரியில்லை. அதற்குப் பிறகு நல்ல கருவிகள் சில வந்திருக்கின்றன, ஆனால் குப்பை குறைந்துவிடவில்லை. மூளைப் பயிற்சி விளையாட்டுகளும் அப்படித்தான். லூமோசிட்டி என்ற பிரபல ஆப்பின் நிறுவனம், வயதால் வரும் அறிவாற்றல் குறைவைத் தங்கள் விளையாட்டு தள்ளிப்போடும் என்கிற ரீதியில் போதிய ஆதாரம் இல்லாமல் விளம்பரம் செய்ததாக அமெரிக்க வர்த்தக ஆணையம் தொடுத்த வழக்கில், 2016-ல் 20 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

ஆகவே எந்தத் தளத்தைத் திறந்தாலும், யார் உருவாக்கியது என்று பெயர் இருக்கிறதா, எந்த வயதுக்காரர்களிடம் எந்த மொழியில் சோதித்துப் பார்த்தது என்று எழுதியிருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். ‘விஞ்ஞானப்பூர்வமாக நிரூபிக்கப்பட்டது’ என்று மட்டும் போட்டுவிட்டு மேற்கொண்டு ஒரு வரியும் இல்லையென்றால் மூடிவிடுங்கள். மதிப்பெண் காட்டுவதற்கு முன்னால் போன் நம்பரும் பிறந்த தேதியும் கேட்டால் மூடிவிடுங்கள். மதிப்பெண்ணுக்குக் கீழேயே மாத்திரையோ பவுடரோ வாங்கும் பொத்தான் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். ஒருவருடைய ஞாபகசக்தி குறைகிறது என்ற தகவல் காப்பீட்டு நிறுவனத்துக்கும் வேண்டியது, வயதானவர்களைக் குறிவைக்கும் மோசடிக்காரர்களுக்கும் வேண்டியது. கட்டாயம் பதிவு செய்யத்தான் வேண்டும் என்றால், தகவலை வெளியாருக்குக் கொடுப்போமா என்று தனியுரிமைப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டு, கேட்பதில் கட்டாயமானதை மட்டும் நிரப்புங்கள்.

மொழி பற்றியும் சொல்ல வேண்டும். அவர் யோசிக்கும் மொழியில் சோதனை இருக்க வேண்டும். ஆங்கிலச் சோதனையை நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்த்துச் சொன்னால் அந்த மதிப்பெண்ணுக்கு அர்த்தமே இல்லை. ஐந்து ஆங்கில வார்த்தைகளின் கஷ்டமும் அவற்றின் தமிழ் வார்த்தைகளின் கஷ்டமும் ஒன்றல்ல, ஒரே எழுத்தில் தொடங்கும் சொற்களைச் சொல்லுங்கள் என்ற கேள்வி எழுத்துமுறை மாறினால் வேறு கேள்வியாகவே ஆகிவிடும். பல சோதனைகளுக்கு அதிகாரபூர்வமான மொழிபெயர்ப்புகள் இருக்கின்றன, அவற்றைத்தான் தேட வேண்டும்.

படி 5: அவரிடம் கேளுங்கள்

விளையாட்டு என்று சொல்லி ஏமாற்றி உட்காரவைக்காதீர்கள். தெரிந்துபோனால் அடுத்து டாக்டரிடம் வரவும் மாட்டார், நீங்கள் எது கொடுத்தாலும் சந்தேகமாகத்தான் பார்ப்பார். நான்கு பேர் இருக்கும்போதும் கேட்காதீர்கள். தனியாக, அவர் நல்ல மனநிலையில் இருக்கும்போது, சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்: “அப்பா, போன மாசமும் இந்த மாசமும் பில் கட்ட மறந்துட்டீங்க, எனக்குக் கொஞ்சம் கவலையா இருக்கு. சத்துக் குறைவு, மாத்திரையோட பக்கவிளைவு, எது வேணா காரணமா இருக்கலாம். டாக்டரைப் பார்க்கிறதுக்கு முன்னாடி ஒரு சின்னச் சோதனை இருக்கு, பண்ணிப் பார்க்கலாமா?”

“எனக்கு ஒண்ணும் இல்ல, நீ வேலையைப் பாரு” என்றால், சரி என்று விட்டுவிடுங்கள், வாதாடாதீர்கள். சிலருக்கு வேண்டாம் என்பது பயம், சிலருக்குத் தன் குறை தனக்கே தெரியாமல் போவது நோயின் பகுதி. அப்படியானால் ஏடி8-ஐயும் உங்கள் குறிப்பையும் மட்டும் எடுத்துக்கொண்டு, வழக்கமாகச் சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ பார்க்கும் டாக்டரிடம் முன்கூட்டியே கொடுத்துவிடலாம், அடுத்த தடவை அவர் போகும்போது டாக்டரே பேச்சோடு பேச்சாகக் கேட்டுக்கொள்வார்.

படி 6: உட்காரவைக்கும் நாள்

முதல் நாள் ராத்திரி சரியாகத் தூங்கியிருக்க வேண்டும். காய்ச்சல், வலி, குடும்பத்தில் துக்கம், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் சில வாரங்கள் என்றால் தள்ளிப்போடுங்கள். அவர் சுறுசுறுப்பாக இருக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள், பெரும்பாலானவர்களுக்குக் காலை நேரம். சாயங்காலம் ஆக ஆகக் குழம்புகிறவர்கள் நிறைய.

படிக்கும் கண்ணாடி போட்டிருக்கிறாரா, காதுக் கருவியில் பேட்டரி இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண விஷயமாகத் தெரியும், ஆனால் வார்த்தை காதில் சரியாக விழாதவரால் அதைத் திருப்பிச் சொல்ல முடியாது, அது மறதிக் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடும். காது மந்தம் சோதனையை மட்டும் கெடுப்பதில்லை. டிமென்ஷியா பற்றி லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2024-ல் பட்டியலிட்ட, நம்மால் மாற்றக்கூடிய 14 ஆபத்துக் காரணிகளில் கேட்கும் திறன் குறைவதும் சரிசெய்யாமல் விட்ட பார்வைக் குறைவும் இருக்கின்றன. காதைச் சோதித்துப் பல வருடம் ஆகிவிட்டது என்றால் அதை முதலில் முடித்துவிட்டு இதற்கு வரலாம்.

திரையில் செய்யும் சோதனை என்றால் போனில் வேண்டாம், டேப்லெட்டோ கணினியோ நல்லது. அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள். விரலால் தொட்டு இழுத்துப் பழக்கமே இல்லாதவருக்கு, சோதனைக்குச் சம்பந்தமில்லாத ஏதாவது ஒரு பக்கத்தில் கொஞ்ச நேரம் தொட்டுப் பழக விடுங்கள். எவ்வளவு வேகமாக அழுத்துகிறார் என்பதை அளக்கும் சோதனைகள் கை நடுக்கம் உள்ளவரையும் மவுஸ் பிடித்தே பழகாதவரையும் குறைத்து மதிப்பிட்டுவிடும், இப்படிப்பட்டவர்களுக்குக் காகிதத்தில் எழுதுவதே மேல். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர், எழுதவே கூச்சப்படுகிறவர் என்றால் எழுத்துச் சோதனையை விட்டுவிட்டு ஏடி8-ஓடு நிறுத்திக்கொள்ளுங்கள், அவர்களுக்கென்றே வடிவமைத்த மோகா பேசிக் போன்றவை இருக்கின்றன, அதை டாக்டர் பார்த்துக்கொள்வார்.

படி 7: சோதனை நடக்கும்போது

நீங்கள் அறையில் இருக்கலாம், உதவக் கூடாது. இது சொல்வதற்கு எளிது, செய்வதற்கு மிகக் கஷ்டம். தேதி தெரியாமல் அவர் தவிக்கும்போது உங்கள் வாய் தானாகத் திறக்கும். சுவரில் நாட்காட்டியும் கடிகாரமும் கண்ணில் படாத இடத்தில் உட்காரவையுங்கள், நீங்கள் கொஞ்சம் பின்னால் தள்ளி உட்காருங்கள். “ஐயோ, இதுகூடத் தெரியலையா” என்பதும் வேண்டாம், “சூப்பர், கரெக்ட்” என்பதும் வேண்டாம்.

அதற்குப் பதில் எப்படிச் செய்கிறார் என்று கவனியுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் தலையைத் திருப்பி மனைவியின் முகத்தையோ மகளின் முகத்தையோ பார்க்கிறாரா? மருத்துவர்கள் இதை ஓர் அடையாளமாகவே குறித்துக்கொள்கிறார்கள், பதிலைத் தான் தேடாமல் பக்கத்தில் இருப்பவரிடம் விட்டுப் பழகிவிட்டார் என்று அதற்கு அர்த்தம். கடிகாரம் வரையச் சொல்லும் பகுதியில் பென்சில் எப்படி நகர்கிறது என்று பாருங்கள். ஒருவர் முதலில் 12, 6, 3, 9 என்று நான்கு மூலையையும் குறித்துவிட்டு நடுவே நிரப்புவார். இன்னொருவர் 1-லிருந்து ஆரம்பித்துக் கிடுகிடுவென்று எழுதிக்கொண்டே போய், 12 வரும்போது வட்டத்தின் பாதிகூட முடிந்திருக்காது, அதைப் பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிடுவார் அல்லது 13, 14 என்று தொடர்வார். பதினொன்று அடித்துப் பத்து நிமிடம் என்று காட்டச் சொன்னால், பத்து என்ற சொல் காதில் விழுந்ததும் முள்ளை 10 என்ற எண்ணிலேயே கொண்டுபோய் வைப்பது அடிக்கடி பார்க்கக்கூடிய பிழை. நிமிடத்தை எண்ணாக மாற்றி யோசிக்கும் அந்த ஒரு நொடி வேலை நடக்கவில்லை. தப்பாக வரைந்த தாளைக் கிழித்துவிட்டு இன்னொரு தடவை வரையச் சொல்லாதீர்கள், அந்தத் தாளைத் தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள், டாக்டருக்கு அது வேண்டும்.

சோர்ந்துபோனால், கண்ணில் நீர் வந்தால், கோபப்பட்டால் நிறுத்திவிடுங்கள். முடிக்காமல் விட்டது எதுவரை என்று குறித்தால் போதும்.

படி 8: மதிப்பெண்ணைப் படிப்பது

இங்கேதான் பெரும்பாலான வீடுகளில் தேவையில்லாத அழுகை நடக்கிறது, அதனால் ஒரு சின்னக் கணக்கு. உதாரணத்துக்கு 1,000 பெரியவர்களை எடுத்துக்கொள்வோம், அதில் 100 பேருக்கு உண்மையிலேயே குறைபாடு இருக்கிறது என்று வைப்போம். சோதனை ஓரளவு நல்லது, இருப்பவர்களில் 80 சதவீதத்தைப் பிடிக்கும், இல்லாதவர்களில் 80 சதவீதத்தைச் சரியாக ‘இல்லை’ என்று சொல்லும். அப்படியானால் 100 பேரில் 80 பேரைப் பிடித்துவிட்டது. மீதி 900 பேரில் 20 சதவீதம், அதாவது 180 பேரையும் தவறாகப் பிடித்துவிட்டது. மொத்தம் 260 பேருக்குச் சிவப்புக் குறி, அதில் உண்மையானது 80, மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இன்னொரு பக்கம், குறைபாடு உள்ள 20 பேர் ‘எல்லாம் சரி’ என்ற முடிவோடு வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

எந்த அறிகுறியும் இல்லாத முதியவர்கள் எல்லோருக்கும் இப்படிச் சோதிப்பதைப் பரிந்துரைக்கவோ வேண்டாம் என்று சொல்லவோ போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்காவின் தடுப்புப் பணிக்குழு 2020-ல் சொன்னது. அறிகுறி தெரிந்த பிறகு பார்ப்பது வேறு விஷயம், அப்போது பார்க்கத்தான் வேண்டும். சும்மா இருக்கும் தாத்தா பாட்டி எல்லோரையும் ஞாயிற்றுக்கிழமை வரிசையாக உட்காரவைக்காதீர்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

குறைவான மதிப்பெண்ணுக்குப் படிப்பு, பதற்றம், மொழி, காது, கண் எல்லாம் காரணமாக இருக்கலாம். நல்ல மதிப்பெண்ணும் ஏமாற்றும். வாழ்நாள் முழுக்கப் படிப்பும் எழுத்துமாக இருந்த ஆசிரியரோ பொறியாளரோ நிறைய இழந்த பிறகும் 30-க்கு 28 வாங்குவார். வீட்டில் எல்லோருக்கும் மாற்றம் கண்ணெதிரே தெரியும்போது மதிப்பெண் நன்றாக இருக்கிறது என்று நிம்மதியாகிவிடாதீர்கள், டாக்டரைப் பாருங்கள்.

லேசான அறிவாற்றல் குறைபாடு என்று ஒரு வார்த்தை வரும், சுருக்கமாக எம்.சி.ஐ. என்பார்கள். சோதனையில் குறை தெரிகிறது, ஆனால் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறார் என்பதுதான் அது. சிலர் பல வருடம் அப்படியே இருப்பார்கள், சிலர் இயல்புக்கே திரும்புவார்கள், சிலருக்கு டிமென்ஷியாவாக வளரும். அன்றாட வாழ்க்கையைத் தனியாக நடத்த முடியாத அளவுக்குப் போகும்போதுதான் டிமென்ஷியா என்ற பெயர் வருகிறது.

படி 9: டாக்டரிடம் எதை எடுத்துப்போவது

நீங்கள் எழுதிய அரைப் பக்கம், ஏடி8 விடைகள், அவர் எழுதிய தாள் (திரையில் செய்திருந்தால் அதன் பிரதி), அப்புறம் அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளும், ஒன்றுவிடாமல், பையில் போட்டு எடுத்துப்போங்கள். தூக்கத்துக்கு, சளிக்கு, அரிப்புக்கு என்று மருந்துக்கடையில் தானே வாங்கிச் சாப்பிடுவதும் அதில் இருக்க வேண்டும். டைஃபென்ஹைட்ரமின், குளோர்ஃபெனிரமின் போன்ற பழைய ஒவ்வாமை மருந்துகள், சிறுநீர் அடக்க முடியாமைக்குக் கொடுக்கும் ஆக்ஸிபியூட்டினின், மனச்சோர்வுக்குக் கொடுக்கும் அமிட்ரிப்டிலின், தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கும் டயஸெபாம் வகை மாத்திரைகள், இவையெல்லாம் முதியவர்களின் ஞாபகத்தை மங்கச் செய்யும். படித்ததும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டயஸெபாம் வகையைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். டாக்டர்தான் படிப்படியாகக் குறைப்பார்.

டாக்டர் வழக்கமாகப் பரிசோதித்துப் பார்ப்பது வைட்டமின் பி12, தைராய்டு, ரத்த எண்ணிக்கை, சர்க்கரை, உப்பு, கால்சியம், சிறுநீரகம், கல்லீரல். மனச்சோர்வு இருக்கிறதா என்று கேட்பார், ஏனென்றால் வயதானவர்களுக்கு மனச்சோர்வு அழுகையாக வராமல் மறதியாகவும் மந்தமாகவும் வரும். குறட்டையும் தூக்கத்தில் மூச்சு நிற்பதும் உண்டா என்று சொல்லுங்கள். தேவைப்பட்டால் ஸ்கேன். நடை தடுமாற்றமும் சிறுநீர் அடக்க முடியாமையும் மறதியும் மூன்றும் சேர்ந்து வந்தால் மூளையில் நீர் கோத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள், அதற்கு அறுவைச் சிகிச்சை இருக்கிறது. சரிசெய்யக்கூடிய காரணம் கிடைப்பதற்கு வாய்ப்பு இருக்கும்போது ‘வயசாச்சு, அப்படித்தான்’ என்று யாராவது பரிசோதனையே இல்லாமல் அனுப்பிவிட்டால் இன்னொரு டாக்டரைப் பாருங்கள், முதியோர் நலமோ நரம்பியலோ மனநலமோ பார்ப்பவராக இருந்தால் நல்லது.

அல்சைமர் என்றே முடிவானாலும் சீக்கிரம் தெரிவதற்குப் பயன் இருக்கிறது. லெகனெமாப் என்ற மருந்து 2023-லும் டொனனெமாப் என்ற மருந்து 2024-லும் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்றன. இரண்டும் ஆரம்ப நிலையில் மட்டும், மூளையில் அமிலாய்டு என்ற புரதம் படிந்திருப்பதை உறுதி செய்த பிறகு கொடுப்பவை, குணமாக்குவதில்லை, நோய் முற்றும் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கின்றன, மூளை வீக்கம், ரத்தக் கசிவு போன்ற பக்கவிளைவுகள் உண்டு. எல்லோருக்கும் பொருந்தாது. மருந்தைவிடப் பெரிய பயன் என்று நான் நினைப்பது, பணம், சொத்து, சிகிச்சை, வண்டி ஓட்டுவதை எப்போது நிறுத்துவது போன்றவற்றில் அவருடைய விருப்பம் என்ன என்று அவரே தெளிவாகச் சொல்ல முடிகிற காலத்தில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ள முடிவது.

திரும்ப எப்போது பார்ப்பது

மாதம் ஒரு தடவை வேண்டாம், பழக்கத்தில் மதிப்பெண் ஏறும், வீட்டில் பதற்றமும் ஏறும். டாக்டர் வேறு சொல்லாவிட்டால் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் கழித்து, அதே சோதனையின் வேறு படிவத்தில், முடிந்தவரை அதே நேரம், அதே கண்ணாடி, அதே அறை. சேஜை இப்படித் தொடர்ந்து பயன்படுத்திய ஓர் ஆய்வு 2021-ல் வெளியானது. லேசான குறைபாட்டிலிருந்து டிமென்ஷியாவுக்கு மாறியவர்களிடம், எம்.எம்.எஸ்.இ. காட்டுவதற்குக் குறைந்தது ஆறு மாதம் முன்பே சேஜ் இறக்கத்தைக் காட்டியது. ஒரு நாள் வாங்கிய மதிப்பெண்ணைவிட இரண்டு மதிப்பெண்களுக்கு நடுவில் உள்ள வித்தியாசம் அதிகம் சொல்லும் என்பதால்தான் தாள்களைத் தேதி போட்டு வைக்கச் சொன்னேன்.

தூரத்தில் இருக்கிறவர்கள் வீடியோ அழைப்பில் தாங்களே சோதனை வைக்க முயல வேண்டாம். மோகாவுக்குத் தொலைபேசி வழியாகவும் வீடியோ வழியாகவும் நடத்தும் முறைகள் இருக்கின்றன, அதை நடத்தத் தெரிந்த மருத்துவரையோ உளவியலாளரையோ ஏற்பாடு செய்யுங்கள். உங்கள் பங்குக்கு, அழைப்பை ஒரே நேரத்தில் வைத்துக்கொண்டு போன தடவை பேசியதில் ஒன்றைப் பேச்சுவாக்கில் கேளுங்கள், பக்கத்திலிருந்து யாராவது எடுத்துக்கொடுக்கிறார்களா என்று கவனியுங்கள், வாரம் ஒரு வரி குறித்துக்கொள்ளுங்கள். டாக்டரைப் பார்க்கும் நாளில் போனில் நீங்களும் இணைப்பில் இருந்து அந்த வரிகளைப் படித்துக் காட்டுங்கள்.